தேர் நம்மை இழுக்குமா?

ஜூலை 2

நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா நெருக்கம். டவுன் பக்கம் போனால் தேர்ப் பேச்சுதான். அண்ணன் மகள் ப்ளஸ் ஒன் புத்தகத்தில் ஈர்ப்பியல் பாடத்தை முன்கூட்டியே படித்திருக்கிறாள். வாகையடி முக்கில் நின்று கேட்டாள்: "நாமதான தேர இழுக்கோம் சித்தப்பா, தேர் நம்மள இழுக்குமா?"

இழுக்கும். எவ்வளவு என்று கணினியில் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

ஜூலை 3

பைத்தான் 3 என்ற நிரல்மொழியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வைத்தோம். சூத்திரம் நியூட்டனின் ஈர்ப்பு விதி: ஈர்ப்பு மாறிலியையும் (கீழே 'ஈர்ப்பு') இரண்டு நிறைகளையும் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் விசை. நிறை கிலோவில், தூரம் மீட்டரில்.

ஈர்ப்பு = 6.6743 * 10**-11
தேர் = 450000
ஆள் = 60
தூரம் = 10
விசை = ஈர்ப்பு * தேர் * ஆள் / தூரம்**2

நெல்லையப்பர் தேருக்கு ஊரில் சொல்லும் எடை 450 டன். அதைக் கிலோவாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெறும் 450 என்று கொடுத்தால் விடை ஆயிரம் மடங்கு குறைந்துவிடும், கணினி வாயே திறக்காது. வர்க்கத்துக்கு இரண்டு நட்சத்திரக் குறி. அங்கே ^ போட்டால் பைத்தானுக்கு அது அடுக்கு இல்லை. இரும எண்களில் செய்யும் வேறு கணக்கு. 10^2 கேட்டால் 8 என்று வரும்.

எங்களுக்கு வந்தது 0.000018 நியூட்டன். 1.8 மில்லிகிராம் எடைக்குச் சமம். ஓர் அரிசியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்தச் சூத்திரம் கோளங்களுக்குத்தான் கச்சிதம், தூரமும் மையத்திலிருந்து மையத்துக்கு. அதனால் தேருக்கு இது தோராய விடைதான்.

"இவ்வளவுதானா?" என்றாள். அதே அளவு விசையால் நீயும் தேரை இழுக்கிறாய் என்றேன். அப்புறம்தான் முகம் மலர்ந்தது.

ஜூலை 5

இதைவிடச் சிறிய விசையை அளந்து 1798-இல் வெளியிட்டவர் ஹென்றி கேவண்டிஷ். 158 கிலோ ஈயக்குண்டு, 0.73 கிலோ சிறுகுண்டு, நடுவே சுமார் 23 செ.மீ. அதே வரியில் இந்த எண்களைப் போட்டால் 0.00000015 நியூட்டன். தேரின் இழுப்பு இதைப்போல நூறு மடங்குக்கும் மேல்! காற்று அசைந்தால்கூடக் கணக்குக் கெட்டுவிடும் என்று கருவியை அறைக்குள் பூட்டிவிட்டு, வெளியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தார். அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

ஜூலை 6

பூமியும் நிலாவும். நிறைகள் 5.972 * 10**24, 7.342 * 10**22 கிலோ. தூரம் 384400000 மீட்டர். விசை சுமார் 2 * 10**20 நியூட்டன். இவ்வளவு பெரிய எண் மனதில் நிற்காது. அதை நிலாவின் நிறையால் வகுக்கச் சொன்னேன்; கிடைப்பது நிலாவின் முடுக்கம்: 0.0027.

சரி, இப்போது வேறு வழி. நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப்போல 60 மடங்கு தூரத்தில். 60-இன் வர்க்கம் 3600. தரையில் கிடைக்கும் ஈர்ப்பு முடுக்கமான 9.8-ஐ அதனால் வகுத்தாலும் 0.0027! நியூட்டன் ஒத்துப் பார்த்தது இப்படித்தான். ஈர்ப்பு மாறிலியின் மதிப்பு அவருக்குத் தேவைப்படவே இல்லை.

பிள்ளை இரண்டு விடைகளையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். அடுத்து நிலாவை நகரவிட வேண்டுமாம். அதற்கு ஒரு வரி போதாது; நிமிடத்துக்கு நிமிடம் இடமும் வேகமும் மாற, லூப் (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் நிரல்) எழுத வேண்டும்.