முதல் வரியில் இருந்த பெயர்

சர்வர் திணறிக்கொண்டிருந்தது. எந்த ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரல், சிபியுவை அதிகம் தின்கிறது என்று லாக் எனும் பதிவுக் கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தோம். "முதல் வரியிலேயே பெயர் இருக்கிறதே, இன்னும் என்ன யோசனை? நிறுத்திவிடுங்கள்" என்றார் மேலாளர். "இந்த லாக்கை நம்பி நிறுத்த முடியாது சார், பத்து நிமிடம் கொடுங்கள்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். ஆனால் இன்றும் என்னை விட்டபாடில்லை.

குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் வழியாக, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டி, சிபியு விழுக்காட்டின்படி வரிசைப்படுத்திக் கோப்பில் எழுதும் ஏற்பாடுதான் அந்த லாக். அதில் பிஎஸ் காட்டும் விழுக்காடு அந்த நொடியின் நிலவரம் அல்ல. ஒரு ப்ராசஸ் இதுவரை செலவழித்த சிபியு நேரத்தை, அது தொடங்கியதிலிருந்து கழிந்த நேரத்தால் வகுத்தால் வருவது. பத்து நாள் சும்மா கிடந்த ஒன்று கடைசி ஒரு மணி நேரம் ஒரு கோரை (சிபியுவின் ஒரு கணிப்பு அலகை) முழுதாக விழுங்கினாலும், 8,64,000 நொடியில் 3,600 நொடிதான். அரை விழுக்காடுகூட எட்டாது. சற்றுமுன் தொடங்கிய வேலையோ தொண்ணூறைத் தாண்டி உச்சியில் நிற்கக்கூடும். அன்று உச்சியில் நின்றது, தொடங்கிச் சில நிமிடமே ஆன பேக்கப். சர்வர் அதற்கு முன்பே திணறத் தொடங்கியிருந்தது. பாதியில் வெட்டினால் அன்றைய பேக்கப்பும் போயிருக்கும். நான் மறுத்தது சரிதானே?

அந்தந்த இடைவெளியில் ஒவ்வொரு ப்ராசஸும் செலவழித்த சிபியுவைக் காட்டும் பிட்ஸ்டாட் கருவியை, நொடிக்கு ஒருமுறை காட்டும்படி ஓடவிட்டேன். பேக்கப்பைத் தவிர, ஒரே பெயரில், ஒவ்வொரு முறையும் வேறு பிஐடியுடன் (ப்ராசஸின் அடையாள எண்ணுடன்) ஏதோ ஒன்று தோன்றித் தோன்றி மறைந்தது. பிறந்து ஒரு நொடிகூட நிலைக்காதவை அவை. நிமிட லாக்கில் எப்படிச் சிக்கும்? அவற்றைத் தொடங்கிவிடும் ப்ராசஸ் எது என்று தேடிக்கொண்டிருந்தபோதே பேக்கப் முடிந்தது. அதோடு சுமையும் இறங்கியது.

மேலாளர் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

இரண்டும் ஒன்றாக அடங்கியதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்றாகிவிடாது. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும், கொல்லாமல், ப்ராசஸை இருந்த இடத்திலேயே உறையவைக்கும் ஸ்டாப் சிக்னல் அனுப்பி பேக்கப்பைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துப் பார்த்திருக்கலாமே என்று மனம் கேட்கிறது. சுமை குறைந்தால் அவர் சொன்னது சரி, குறையாவிட்டால் நான். பிறகு உறைந்ததை மீண்டும் ஓடவைக்கும் கன்ட் சிக்னலில் தொடரவிட்டிருக்கலாம். ஆனால் பேக்கப், மற்றவர் தரவைத் தொடாதபடி தடுக்கும் பூட்டு எதையாவது தரவுத்தளத்தில் பிடித்தபடி உறைந்திருந்தால், காத்திருந்தவர்கள் மொத்தமாக நின்றிருப்பார்கள். அந்தத் துணிச்சல் இல்லாதது நல்லதுதான் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

இப்போது சர்வரின் நிலவரத்தை இடைவெளி விட்டுப் பதியும் ஏடாப் கருவி ஓடுகிறது. முடிந்துபோன ஒவ்வொரு ப்ராசஸையும் குறித்துவைக்கும் ப்ராசஸ் அக்கவுன்டிங்கும் சேர்ந்திருப்பதால், இரண்டு பதிவுகளுக்கு இடையே பிறந்து முடிந்தவையும் கணக்கில் வருகின்றன. அந்தச் சிறு ப்ராசஸ்கள் அத்தனை கூட்டமாக மறுபடி வரவில்லை. பேக்கப் தினமும் ஓடுகிறது, சுமையேதும் இல்லாமல். இது என் பக்கச் சான்று என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.