சாயங்காலம் 5 மணிக்கு அந்த ரூம்ல யாரு உக்காருவா?

அமெரிக்கால அரிசோனா பாலைவனத்துல இருக்குற ஃபீனிக்ஸ்ல வந்து சன்ரூம், அதாவது வெயில் காயுற கண்ணாடி ரூம், கட்டித் தாங்கன்னு ஒருத்தர் கேக்குறது, சித்திரை மாசம் சாத்தூர்ல ஒருத்தர் குளிர் காய அடுப்பு கேக்குற மாதிரி தான். வேலைக்கு சேர்ந்த புதுசுல எனக்கு அப்படித்தான் தோணுச்சு. நான் இருக்கிறது ஃபீனிக்ஸை ஒட்டின சாண்ட்லர்ல, வேலை வீட்டுக்குப் பின்னாடி கூடுதல் ரூம் எடுத்துக் குடுக்குற ஒரு சின்ன கம்பெனில, டிராயிங் போடுறதும் நான் தான், பெர்மிட்டுக்காக சிட்டி ஆபீஸ்ல பேசுறதும் நான் தான், சைட்ல அளவு இடிச்சா திட்டு வாங்குறதும் நான் தான்.

ஊர்ல எங்க சித்தப்பா மேஸ்திரி, 30 வருஷத்துக்கு மேல கொத்து வேலை. ஒரு நாள் போன்ல "அங்க என்னப்பா கட்டுறீங்க"ன்னு கேட்டாரு. மூணு பக்கமும் கண்ணாடி வச்சு ஒரு ரூம், உள்ள உக்காந்து வெயிலை அனுபவிக்கலாம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அங்க வெயில் எம்புட்டு இருக்கும்?" "45 போகும் சித்தப்பா, சில நாள் 47." "அப்ப வத்தல் காயப் போடுறதுக்கா?" அவரு கிண்டல் பண்ணல, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல, சிரிச்சு சமாளிச்சேன்.

கேக்குறவங்க யாருன்னு பாத்தா விஷயம் புரியும். பாதிப் பேரு மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன்னு பனி கொட்டுற ஊர்ல இருந்து ரிடயர் ஆகி வந்தவங்க. அங்க 'மூணு சீசன் ரூம்'னு ஒண்ணு உண்டு, பனிக்காலம் மட்டும் பூட்டி வச்சுட்டு மிச்ச நாள் பூரா அதுலயே இருப்பாங்க. அந்த ஆசையோட இங்க வர்றாங்க, ஆனா இங்க பூட்ட வேண்டியது கோடையை. கண்ணாடி கம்பெனி கேட்லாக்லயும் எல்லாப் படத்துலயும் ஜன்னலுக்கு வெளிய பனி தான் கிடக்கும். இந்த ஊருக்குன்னு இருந்த பழைய வழி வேற. ஏசி வர்றதுக்கு முன்னாடி கம்பிவலை அடிச்ச தாழ்வாரத்துல தான் ஜனங்க ராத்திரி படுத்திருக்காங்க, ஈரத் துணியைத் தொங்கவிட்டு காத்தைக் குளுப்பாட்டி, நம்ம வெட்டிவேர் தட்டி மாதிரியே. அப்படி வலை போட்ட தாழ்வாரத்துக்கு இன்னிக்கும் 'அரிசோனா ரூம்'னு தான் பேரு. அதுக்கும் முன்னாடி இந்த மண்ணுக்காரங்க, ஓதாம் பழங்குடி மக்கள், மெஸ்கீட் கம்பை நட்டு (நம்ம சீமைக்கருவேலத்துக்கு ஒண்ணு விட்ட அண்ணன் அது) மேல சாகுவாரோ கள்ளியோட காஞ்ச குச்சியைப் பரப்பி பந்தல் போட்டிருக்காங்க. சுவரே கிடையாது, நிழல் மட்டும். இப்பவும் போடுறாங்க. இங்க மனுசன் உக்காரத் தேவையானது முதல்ல அது தான்.

இந்த ஊரு வெயிலை தெரியாதவங்களுக்கு ரெண்டே கணக்கு. 1990 ஜூன் 26-ம் தேதி இங்க 122 பாரன்ஹீட், அதாவது 50 டிகிரி. 2023-ல ஜூன் கடைசில ஆரம்பிச்சு தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110-க்கு கீழ இறங்கவே இல்ல, அது 43 டிகிரிக்கு மேல. வேர்க்குறதே தெரியாது, வேர்வை வந்த உடனே காஞ்சு போயிரும், அதனாலயே சூடு எவ்வளவுன்னு உடம்புக்கு லேட்டாத் தான் தெரியும்.

சரி, நான் சொதப்புன கதைக்கு வர்றேன். ஒரு வயசான தம்பதி, மினசோட்டாக்காரங்க, வேடந்தாங்கலுக்கு வர்ற பறவை மாதிரி நவம்பர்ல வந்து ஏப்ரல்ல திரும்பிப் போயிருவாங்க. இங்க அவங்களை ஸ்னோபேர்டுன்னே சொல்லுவாங்க. வீட்டுக்குப் பின்பக்கம் மேற்கு, தாண்டினா கோல்ஃப் மைதானம், மறைக்க ஒரு மரம் கூட இல்ல, சூரியன் இறங்குறது அப்படியே தெரியும். அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரே ஆசை, சூரியன் மறையிறதை உள்ள உக்காந்து காபி குடிச்சிட்டே பாக்கணும். நானும் நல்லா யோசிச்சுத் தான் பண்ணேன், அதை நினைச்சா தான் இன்னும் எரிச்சலா இருக்கு. குளிர்காலத்துல இங்க பகல் 20 டிகிரி சுமாருக்கு, சுகமா இருக்கும், 5 மணி 25-க்கெல்லாம் சூரியன் போயிரும், அந்த இளம் வெயிலு உள்ள வரட்டும்னு மேற்குல 20 அடி நீளம் 8 அடி உயரத்துக்கு டபுள் கண்ணாடி, நல்லா தெளிவாத் தெரியுற சாதாரணக் கண்ணாடி. ஏசி இல்ல, வீட்டுக்கும் அதுக்கும் நடுவுல கதவு, அதனால எனர்ஜி கோடும் (கரண்ட் சிக்கனத்துக்கான கட்டட விதி) கண்ணாடியை என்ன ஏதுன்னு கேக்கல. ஜனவரில அந்த அம்மா போட்டோ அனுப்புனாங்க, கண்ணாடி பூரா ஆரஞ்சு கலரு. பாஸ் அதை பிரிண்ட் போட்டு ஆபீஸ் சுவத்துல ஒட்டுனாரு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஜூன் மாசம் போன். ஐயாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு, இனிமே அலைய வேணாம்னு மினசோட்டா வீட்டை வித்துட்டாங்க, அந்த வருஷம் தான் முதல் கோடை. யார்கிட்டயோ சொல்லி ரூம்ல ஒரு டன் ஏசி மாட்டியிருக்காங்க, அது ராவும் பகலும் ஓடுது, ரூம் மட்டும் குளுரல. நான் 5 மணிக்கு போனேன், வேணும்னே அந்த நேரத்துக்கு.

கதவைத் திறந்ததும் அடுப்படில இட்லிக் கொப்பரையைத் திறந்தா மூஞ்சில அடிக்குமே, அதே தான், ஆவி மட்டும் இல்ல. ஏசி ஓடிக்கிட்டே இருக்கு, உள்ள 41 டிகிரி. அலுமினியம் ஃபிரேம்ல டெம்பரேச்சர் கன்னைக் காட்டினேன், 60-ஐத் தாண்டிருச்சு. மேஜை மேல அலங்காரத்துக்கு வச்சிருந்த மெழுகுவத்தி ரெண்டும் கும்பிடு போடுற மாதிரி குனிஞ்சு கிடக்கு. பக்கத்துல ஒரு தட்டு நிறைய தக்காளியை வட்டம் வட்டமா நறுக்கி காய வச்சிருக்காங்க. "இதுக்காவது ஆச்சு"ன்னு அந்த அம்மா சிரிச்சாங்க. எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்து சிரிப்பும் வரல அழுகையும் வரல.

ஆபீஸ் வந்து கணக்கு போட்டேன், முதல்லயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 20 அடிக்கு 8 அடின்னா 15 சதுர மீட்டர். ஜூன் மாசம் 5 மணிக்கு மேற்குச் சுவத்துல ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட்டுக்கு குறையாம அடிக்கும். மொத்தம் 9 கிலோவாட். நான் போட்ட கண்ணாடி அதுல 70 சதவீதத்தை உள்ள விடும், ஆக 6 கிலோவாட்டுக்கு மேல, ஆறு பெரிய ஹீட்டரை ஆன் பண்ணி ரூம்ல வச்ச மாதிரி. ஒரு டன் ஏசி வெளிய தள்ளுறது மூன்றரை கிலோவாட் தான். இதுவே வெயிலுக்குன்னு சூட்டைத் தடுக்குற பூச்சோட வர்ற லோ-இ கண்ணாடியா, எஸ்.எச்.ஜி.சி 0.25-ல, அதாவது வெயில் சூட்டுல கால் பங்கை மட்டும் உள்ள விடுறதா, போட்டிருந்தா இரண்டேகாலு தான் உள்ள வந்திருக்கும்.

இன்னொண்ணு, என் மண்டைக்குள்ள இருந்த சூரியன் விருதுநகர் சூரியன். நம்ம ஊர்ல ஆனி மாசம் உச்சி வெயிலு வடக்குப் பக்கம் சாஞ்சிரும், வடக்குச் சுவத்துலயும் அடிக்கும். ஃபீனிக்ஸ் 33 டிகிரி அட்சரேகைல இருக்கு, மத்தியானம் சூரியன் எப்பவும் தெக்க தான். ஜூன்ல 80 டிகிரி உயரத்துல, டிசம்பர்ல 33-ல. அதனால தெற்குப் பக்கம் வேலை ரொம்ப சுலபம், கூரையை 3 அடி நீட்டிவிட்டா போதும், கோடை மத்தியானம் முழுக் கண்ணாடியும் நிழல், குளிர்காலத்துல வெயில் தானா உள்ள வந்து தரையில உக்காரும். மேற்குல அந்த பாச்சா பலிக்காது. ஜூன்ல 5 மணிக்கு சூரியன் நேர் மேற்குல 30 டிகிரி சுமாருக்கு நிக்கும், 3 அடி நீட்டினா கண்ணாடில மேல 2 அடிக்கு கூட நிழல் விழாது, சூரியன் மறைய 7 மணி 40 ஆயிரும், அது வரைக்கும் நேரா கண்ணுல குத்தும்.

நான் போறதுக்கு முன்னாடியே அவங்க இன்னொரு காரியமும் பண்ணியிருந்தாங்க, ஒரு கண்ணாடில மட்டும் பளபளன்னு பிரதிபலிக்கிற ஃபிலிம் ஒட்டிப் பாத்திருக்காங்க. பின்பக்கம் இருக்கிறது பிளாஸ்டிக் புல்லு, தண்ணி பஞ்சத்துக்கு இங்க நிறைய வீட்டுல அது தான். கண்ணாடிக்கு 10 அடி தள்ளி அந்த புல்லு ஒரு கோடா உருகி ஒட்டிப் போய் கிடக்கு, யாரோ இஸ்திரிப்பெட்டியை வச்சு இழுத்த மாதிரி. டபுள் கண்ணாடிக்கு நடுவுல அடைச்சிருக்கிற காத்து அழுத்தம் மாறுனா கண்ணாடி லேசா உள்வாங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா குழி ஆடி மாதிரி வெயிலைக் குவிச்சு அடிச்சிரும். நல்ல வேளை அவங்க புல்லு, பக்கத்து வீட்டுக்காரர் புல்லா இருந்தா கோர்ட்டு வரைக்கும் போயிருக்கும்.

சரி பண்ண ஒரே வழி, வெயிலை கண்ணாடிக்கு வெளியவே நிறுத்துறது. உள்ள கர்ட்டன் போட்டா வெளிச்சம் தான் மறையும், சூடு ஏற்கனவே உள்ள வந்து உக்காந்திருக்கும். கண்ணாடிக்கு வெளிய 10 அடிக்கு ஃபோம் வச்ச அலுமினியக் கூரை போட்டோம், அதோட முனையில மேல சுருட்டுற மாதிரி, வெயில்ல 90 சதவீதத்தைத் தடுக்குற வலைத் துணி, ஸன் ஸ்கிரீன்னு சொல்லுவாங்க. கூரை வேலை 4 மணி சுமார் வரைக்கும், அப்புறம் ஸ்கிரீனை இறக்கணும். ஸ்கிரீன் இறக்கினா சூரியன் மறையிறது சல்லடைக்குப் பின்னாடி தெரியுற மாதிரி தான் தெரியும். அந்த அம்மா முகம் வாடுச்சு, ஐயா மட்டும் "நவம்பர்ல பாத்துக்கலாம்"னாரு. செலவுல பாதியை எங்க பாஸ் ஏத்துக்கிட்டாரு. என்னை ஒரு வார்த்தை திட்டல, ஆனா சுவத்துல இருந்த போட்டோவை மறுநாள் காணோம்.

இந்த வேலைல மத்த தொல்லையெல்லாம் ஒருத்தர் சொல்லிக் குடுத்தா ரெண்டு மாசத்துல பழகிரும். அஸ்திவாரம் தோண்டினா காலீச்சின்னு ஒண்ணு வரும், நம்ம ஊர் சுக்கான் பாறை தான், ஃபோர்மேன் ஜாக் ஹேமரை எடுக்கும்போதே என்னை ஒரு பார்வை பாப்பாரு. இங்க நிறைய வீட்டுல தரைக்குள்ள விறைப்பா இழுத்துக் கட்டின ஸ்டீல் கேபிள் ஓடும், தெரியாம அறுத்தா உயிருக்கே ஆபத்து, கராஜ் தரையில அந்த எச்சரிக்கை அச்சு அடிச்சிருக்கான்னு பாத்துட்டுத் தான் பேச்சே ஆரம்பிக்கணும். ஆடி காத்து மாதிரி இங்க மழைக்காலத்துல ஹபூப்னு மண்ணு சுவரே எழும்பி வரும், ஸ்லைடிங் கதவு தண்டவாளத்துல மாவு மாதிரி புழுதி. தேளுக்கு ஒரு கிரெடிட் கார்டு நுழையுற சந்து இருந்தா போதும், வந்துரும்.

பழகாதது ஆளைக் கேக்குறது தான். இப்பல்லாம் முதல் மீட்டிங்ல கண்ணாடி பத்தி பேசுறதே இல்ல, "எந்த மாசம், எத்தனை மணிக்கு, யாரு உக்காருவா"ன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கிருவேன். அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னும் கேக்குறேன், சில பேருக்கு அது பிடிக்கல, நீ டிராயிங் போட வந்தியா ஜாதகம் பாக்க வந்தியாங்கிற மாதிரி பாப்பாங்க.

இப்ப கைல இருக்குற வேலை பக்கத்து ஊர் மேசால (Mesa) ஒரு ஸ்கூல் டீச்சர் வீடு. அவங்களுக்கும் சாயங்காலம் தான் வேணும், அவங்களும் மேற்குல தான் கேட்டாங்க, சன்செட்டுக்குன்னு. நான் அவங்களை 6 மணிக்கு கூட்டிட்டுப் போய் வீட்டுக்கு கிழக்குப் பக்கம் நாற்காலி போட்டு உக்கார வச்சேன். மத்தியானத்துக்கு மேல அந்தப் பக்கம் பூரா வீட்டோட நிழலு, தரை கொஞ்சம் ஆறிப் போய் இருக்கு. எதிர்ல சூப்பர்ஸ்டிஷன் மலை. சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி இறங்க இறங்க அந்தப் பாறை முகம் பூரா செவந்துக்கிட்டே வந்துச்சு, செங்கல் சூளை உள்பக்கம் மாதிரி. அவங்க கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "மேற்குல ஜன்னல் வேணாம்"னாங்க.

டிராயிங்கை குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பி மூணு வாரம் ஆச்சு. காலை வெயிலுக்குன்னு போட்ட ஸ்கிரீன் கலரு பிரவுன்ல வரணுமாம், நான் போட்டது சாம்பல். நாளைக்கு மாத்தி அனுப்பணும்.