சூசை, யோசேப்பு, ஜோசப், ஜோஸ்

குமரி மாவட்டத்துத் திங்கள்சந்தையில் அழைப்பிதழும் போஸ்டரும் டைப் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. பெயர்கள்தான் என் பிழைப்பு. ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போதும், அந்தக் குடும்பத்தில் எந்தப் பெயர் எப்போது நின்றுபோனது என்று தெரிந்துவிடும். மேலே படத்தில் இருக்கும் பாட்டா, சூசை. கீழே மகன்கள் வரிசையில் மூத்தவர் ஜோசப். பேரப்பிள்ளைகள் ஜோபின், ஜெபின், அஜின். ('இன்' என்று முடியாத பையன் எங்கள் பக்கம் பிறப்பதே இல்லையோ என்று தோன்றும். ஒரு வீட்டு ஜெபின் இன்னொரு வீட்டு கார்டுக்குப் போய்விடாமல் பார்ப்பதே பெரிய பாடு.)

எனக்குப் பிடித்தது சூசைதான். சூசையும் ஜோசப்பும் ஒரே பெயர் என்று கடற்கரைக் கத்தோலிக்கர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெய்யூரில் சி.எஸ்.ஐ. சபை (புராட்டஸ்டன்ட்) ஆட்களிடம் சொன்னால் "அப்படியா?" என்பார்கள்; அவர்கள் வேதாகமத்தில் படித்தது யோசேப்பு. கடற்கரைக்கு அந்தப் பெயர் போர்ச்சுக்கீசியரோடு வந்தது. சவேரியார் இந்தக் கரையோர ஊர்களில் ஞானஸ்நானம் கொடுத்தது 1544இல். போர்ச்சுக்கீசியர் வாயில் அது ஏறக்குறைய 'ஜுஸே'. நம் ஆட்கள் காதில் விழுந்ததைத் தமிழில் உட்காரவைத்துவிட்டார்கள். ஜ, ஸ மாதிரி கிரந்த எழுத்தே தேவைப்படவில்லை. முத்து, நாயகம், மரியான், மிக்கேல் என்று எதைப் பின்னால் போட்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

வீரமாமுனிவர் இன்னொரு வழி பிடித்தார். அவர் எழுதிய தேம்பாவணிக்கு இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான் நாயகன், அவருக்கு அதில் வளன் என்று பெயர். முனிவரின் சொந்தப் பெயரிலேயே ஒரு ஜோசப் உண்டு: கான்ஸ்டன்சோ ஜுசெப்பே பெஸ்கி. திருச்சியில் ஒரு கல்லூரியே தூய வளனார் கல்லூரி. ஆனால் பிள்ளைக்கு வளன் என்று அச்சடிக்கச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்கள் அபூர்வம். தக்கலைப் பக்கம் முஸ்லிம்களிடம் அதே பெயர் யூசுப், களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் ஔசேப்பு, ஜோஸ்.

சூசையைக் கீழே இறக்கியது பள்ளிக்கூட ரிஜிஸ்டர் என்பது என் கணிப்பு. வீட்டில் சூசை, ரிஜிஸ்டரில் ஜோசப். வேலைக்குப் போகும்போது எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டுமா? அப்புறம் 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கர்களுக்கும் யோசேப்பு என்றே கொடுத்தது. மார்ச் 19 திருநாள் நோட்டீசுக்கு வருகிறவர்களில் வயதானவர் "சூசையப்பர்னு போடு மக்ளே" என்பார், கூட வந்த இளவட்டம் "புனித யோசேப்பு" என்பான். நான் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

சமீபத்தில் குறும்பனையிலிருந்து ஒரு தம்பி அவன் அம்மையோடு திருமுழுக்கு கார்டுக்கு வந்தான். பிள்ளைக்குக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோவின் பெயர். எங்கள் கடற்கரையில் பந்துக்கு இருக்கும் கிறுக்கு தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

"அக்கா, ஹோசேன்னு போடணுமா, ஜோசேன்னா?"

ஹோசே ஸ்பெயின்காரர்கள் சொல்வது. மொரின்யோ போர்ச்சுக்கீசியர், அவர் ஊரில் ஜுஸே, அதுதான் இங்கே சூசை ஆனது என்று விளக்கினேன். அம்மை திரும்பிப் பார்த்தார். "அப்போ உனக்க பாட்டாவுக்க பேருதானலே!"

அப்படியானால் சூசை என்றே போட்டுவிடலாமே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எழுதவும் லேசு, அம்மைக்குக் கூப்பிடவும் லேசு.

"சூசையா? பள்ளிக்கூடத்துல பிள்ளைய ஓட்டித் தள்ளிருவானுவ."

சரி என்று ஜோசே போட்டேன். அடுத்து ஆங்கில வரி. ஜே, ஓ, எஸ், இ என்று எழுதினால் நாகர்கோவிலில் எந்த டீச்சரும் ஜோஸ் என்றுதான் வாசிப்பார் என்றேன். கடைசி எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு வருமே, அதைப் போட முடியுமா என்றான். கார்டில் போடலாம், போட்டும் கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் யார் போடப்போகிறார்கள்? அதற்கு இரண்டு இ எழுதிவிடலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறான். எழுதினால் ஜோஸீ என்று வாசிப்பார்கள். அது வேறு பிள்ளை.