மாதம் ஒரு டாலர் வாடகை

நியூயார்க் நகரில் அக்கம்பக்கத்தார் கூடி வளர்க்கும் சமூகத் தோட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, செடிகொடிகளைப் பற்றி நிறைய தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணினேன். ஆனால் அது பெரும்பாலும் மண் யாருடையது என்ற வழக்கின் கதையாகவே இருந்தது.

1970களில் அந்நகரம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தது. உரிமையாளர்களே கைவிட்டுப்போன கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் விழ, வரிபாக்கிக்காக மாநகராட்சியின் கைக்கு வந்த மனைகள் குப்பைமேடுகளாகக் கிடந்தன. 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் தம் நண்பர்களுடன் 'கிரீன் கெரில்லாஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். விதையையும் உரத்தையும் தண்ணீரையும் பலூன்களில் அடைத்து, பூட்டிய வேலிகளுக்கு மேலாக அவர்கள் வீசினார்கள். பிறகு பவரி, ஹியூஸ்டன் தெருக்கள் கூடும் மூலையில் ஒரு மனையைத் துப்புரவு செய்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, 60 மேட்டுப்பாத்திகள் அமைத்தார்கள். செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் கலந்த அடிமண்ணில், அதுவும் பழைய சுவர்ப்பூச்சின் ஈயம் படிந்திருக்கக்கூடிய இடத்தில், வேறு எப்படிக் காய்கறி வளர்ப்பது? 1974இல் மாநகராட்சி அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அளித்தது.

1978இல் மாநகராட்சியே, காலி மனைகளில் தோட்டம் போட அனுமதிக்கும் 'கிரீன்தம்ப்' திட்டத்தைத் தொடங்கியதும் தோட்டங்கள் பெருகின. ஆனால் அனுமதி தற்காலிகமானதுதான். அந்த ஒரு சொல்லை அன்று எத்தனை பேர் பொருட்படுத்தினார்களோ! தோட்டங்கள் தழைத்த தெருக்களில் மனைவிலையும் ஏறியது. யாரும் சீண்டாமல் கிடந்த நிலத்துக்கு இப்போது வாங்க ஆள் இருந்தது. 1999இல் மேயர் ஜூலியானியின் நிர்வாகம் 114 தோட்டங்களை ஏலத்துக்கு விட முடிவு செய்தது. போராட்டங்களும் வழக்குகளும் தொடர்ந்தன. ஏலத்துக்குச் சற்று முன்பாக, நடிகை பெட் மிட்லர் நிறுவிய அமைப்பும் மற்றொரு நில அறக்கட்டளையும் சேர்ந்து அவற்றை ஏறத்தாழ 42 லட்சம் டாலருக்கு வாங்கின. வேலிக்கு மேல் பலூன் வீசித் தொடங்கிய இயக்கம், கிரயப் பத்திரத்தால்தான் பிழைத்தது.

வழக்கை முடித்துவைத்த 2002ஆம் ஆண்டு உடன்பாடு சுமார் 400 தோட்டங்களைக் காத்தது. வேறு பல மனைகள் வீடு கட்ட ஒதுக்கப்பட்டன. அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வாடகை வீட்டுக்கு அலைந்தவர்களும் அதே தெருக்காரர்கள்தாம். பவரி மூலைத் தோட்டம் தப்பித்தது. லிஸ் கிறிஸ்டியின் பெயரைத் தாங்கி நிற்கும் அங்கே, பாத்திகளுக்கு மேல் 'டான் ரெட்வுட்' என்ற ஊசியிலை மரம் ஒன்று மாடி உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது.