வலிக்காத காணிக்கை

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். இப்ப சென்னையில ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஏசி ரூம்ல உக்காந்து, முட்டி ஆபரேஷன் பண்ணிட்டு வர்றவங்கள நடக்க வைக்கிறதுதான் முக்கால்வாசி வேலை. ஆனா படிச்சு முடிச்சதும் மொத ரெண்டு வருஷம் ஜார்க்கண்ட் பக்கம் ஒரு சின்ன மிஷன் தொழுநோய் ஆஸ்பத்திரில இருந்தேன். வைராக்கியம், அழைப்பு அப்படில்லாம் ஒண்ணும் கிடையாது, இங்க வேலை கிடைக்கல, எங்க ஊர் சர்ச் ஐயர், பாதிரியார்தான், ஒரு லெட்டர் குடுத்தாரு, ரயில் ஏறிட்டேன், அவ்ளோதான்.

தொழுநோய் 2005லயே ஒழிஞ்சுபோச்சுன்னு நிறைய பேரு நினைச்சுகிட்டு இருக்காங்க. 10,000 பேர்ல 1க்கும் கீழ வந்துடுச்சுன்னு அரசாங்கம் சொன்னதுதான் அது, நோயாளிங்க வந்துகிட்டேதான் இருந்தாங்க. மாத்திரை கிருமிய கொன்னுடும், ஆனா செத்த நரம்ப திருப்பித் தராது, கால்ல அடிபட்டாலும் வலி தெரியாது. அதனால சாயங்காலம் ஆனா வார்டு வராந்தாவுல வரிசையா பிளாஸ்டிக் பேசின் வச்சு எல்லாரும் கால ஊறப்போட்டு உக்காந்திருப்பாங்க, இருபது நிமிஷம் ஊறினதும் சொரசொரப்பான கல்லால தடிச்ச தோல தேச்சு, ஈரம் காயறதுக்குள்ள எண்ணெய் தடவணும், அப்புறம் ஒவ்வொருத்தரும் உள்ளங்கால திருப்பி கண்ணால பாக்கணும். ஒரு நாள் ஒரு தாத்தா கால திருப்பினாரு, செருப்பையும் தாண்டி ஒரு ஆணி ஏறி நிக்குது. காலையில இருந்து அதோடயே நடந்திருக்காரு, அவருக்கு தெரியவே இல்ல. எனக்குதான் கால் கூசுச்சு.

வார்டு பாத்துகிட்ட அக்காவுக்கு ஊர் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம், அங்க வந்து 24 வருஷம் ஆச்சு. நூறு தடவையாவது சொல்லியிருப்பாங்க, "நரம்பு வேலைய கண்ணு பாக்கணும் தம்பி."

அங்க எனக்கு பிடிச்ச வேலை கை ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற பயிற்சி. மடங்கிப்போன விரல நிமித்தறதுக்கு நடுவிரல்ல இருந்து ஒரு தசைநார எடுத்து, நாலா பிரிச்சு, நாலு விரலுக்கும் தைப்பாங்க. நடுவிரலுக்கு மடக்கறதுக்கு ரெண்டு நார் இருக்கு, ஒண்ண குடுத்தாலும் சமாளிச்சுக்கும். மூணு வாரம் கட்டு, கட்டு பிரிச்சதும் நாம சொல்லித்தரணும், "நடுவிரல மடக்கற மாதிரி நினைங்க"ன்னு, அவங்க நினைப்பாங்க, மத்த விரல்லாம் சேந்து அசையும். மொத தடவ அசையறப்ப அவங்க மூஞ்சிய பாக்கணுமே. இந்த கை ஆபரேஷன்ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிதான் முன்னோடி, பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் 1946ல வந்த பிறகு ஆரம்பிச்சது. அங்கயே மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டரம்மா, 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ செயல் போயிடுச்சு, அதுக்கப்புறம் வீல்சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அவங்க கதைய காலேஜ்ல பரீட்சைக்கு படிச்சேன், வராந்தாவுலதான் அது உறைச்சுது.

ரெண்டு வருஷம் முடிஞ்சதும் கிளம்பிட்டேன், கல்யாணம், ஃப்ளாட், இஎம்ஐ, பொண்ணு. இதுல தப்பு ஒண்ணும் இல்லன்னுதான் இன்னைக்கும் நினைக்கிறேன். தசமபாகம், அதான் சம்பளத்துல பத்துல ஒரு பங்கு காணிக்கை, ஒழுங்கா போகுது, மாசம் 2ஆம் தேதி பேங்க்ல ஆட்டோ டெபிட், எஸ்எம்எஸ் வர்றப்பதான் ஓ போயிடுச்சான்னு தெரியும், பல மாசம் அதையும் பாக்கறதில்ல. எங்க ஆச்சி உலை வைக்கிறப்பல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து தனி பானையில போடுவாங்க, ஞாயித்துக்கெழம அது கோயிலுக்கு போகும். 1903ல பாளையங்கோட்டைல நம்ம ஆளுங்க காசுலயே மிஷனெரி சங்கம் ஆரம்பிச்ச வம்சம்ல நாங்க, வீட்டுல அதுல ஒரு பெருமை. ஆனா சில நாள் அந்த ஒரு பிடி இல்லாததால ஆச்சி தட்டுல சோறு கொறஞ்சதுன்னு அம்மா சொல்வாங்க. அது எங்க போச்சுன்னு ஆச்சி வயித்துக்கு தெரிஞ்சிருக்கு. பைபிள்ல தாவீது ராஜா பலி குடுக்க போனப்ப, அர்வனான்னு ஒருத்தர் களத்தையும் மாட்டையும் சும்மாவே தர்றேன்னு சொல்ல, செலவில்லாம கடவுளுக்கு பலி குடுக்க மாட்டேன்னு தாவீது 50 சேக்கல் வெள்ளி குடுத்து வாங்கினாரே, அத எத்தனையோ பிரசங்கத்துல கேட்டாச்சு, ஆட்டோ டெபிட் போட்டப்ப ஞாபகம் வரல.

ஆபீஸ்லயும் இதே கததான். வர வேண்டிய சிட்டிங் பத்துன்னா பதினஞ்சா எழுதுங்க, இன்சூரன்ஸ்தான குடுக்குதுன்னு முன்ன இருந்த ஒரு இடத்துல சொன்னாங்க. மொத தடவ கை நடுங்குச்சு. ரெண்டாவது தடவ கொஞ்சம். மூணாவது தடவ எழுதினது ஞாபகமே இல்ல, பழைய ஃபைல எடுத்தப்ப என் கையெழுத்து இருக்கு. அன்னைக்கு எனக்கு அந்த ஆணி தாத்தாதான் ஞாபகம் வந்தாரு. அப்புறம் எழுதல, இன்கிரிமென்ட் போச்சு, ஒரு வருஷத்துல வேற இடம் மாறிட்டேன். பெரிய தியாகம்லாம் கிடையாது, அடுத்த இடத்துல சம்பளம் கூடத்தான் கிடைச்சுது.

போன மாசம் அக்கா ஃபோன் பண்ணாங்க. ரிட்டயர் ஆகியும் அங்கயேதான் இருக்காங்க. பயிற்சி குடுக்க ஆள் இல்ல, ஆபரேஷன் ஆனவங்க கட்டு பிரிச்சு சும்மா உக்காந்திருக்காங்க, ஆறு வாரம் வந்துட்டு போ தம்பின்னாங்க. எனக்கு லீவு 41 நாள் சேந்து கெடக்கு. பொண்ணுக்கு பத்தாவது அக்கான்னேன். சரிப்பா, பிள்ளைய பாரு, வேற யாராவது இருந்தா சொல்லுன்னு வச்சுட்டாங்க, ஒரு வார்த்த கோவமா சொல்லல. எங்க சபை வாலிபர் வாட்ஸ்அப் குரூப்ல விவரம் எழுதி போட்டேன். 212 பேரு இருக்கோம். ராத்திரிக்குள்ள முப்பது கைகூப்பு வந்துச்சு, நாலு "ஜெபிக்கிறோம் அண்ணா". ஆறு வாரம்னா எத்தனை நாள்னு விரல் விட்டு எண்ணி பாத்தேன், 42. எனக்கு ஒரு நாள் லீவுதான் கொறையுது.