ஐயரு வண்டிக்குப் பின்னால்

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்கள் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடுவார்கள், அகழி ஓரமாக நின்று ஒரு செல்ஃபி எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அதே மதிலுக்குள் இருக்கும் புனித யோவான் ஆலயத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. கிழக்கிந்தியக் கும்பெனிப் படைக்காக 1846இல் கட்டியது. கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த இடத்தில்தான் சித்தப்பா முதல் ஜெபத்தைச் செய்தார். நான் ஸ்ப்ளெண்டரைக் கிளப்பினேன்.

யோசனை அவருடையது. "லெந்து காலத்துல வேளாங்கண்ணிக்கு நடக்கிறவங்க நடக்கட்டும்டா. நம்ம ஜில்லாவுல இருக்கிற சின்னச் சின்ன கோயிலுங்களையும் ஐயருங்களையும் பார்த்துட்டு வரலாம், வா." லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், கறி முட்டை தொட மாட்டோம். ஐயரு என்று எங்கள் பக்கம் சொல்வது சபை ஆயரை, அதாவது போதகரை. சித்தப்பாவுக்கு இன்னும் வட ஆற்காடு ஜில்லாதான். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

முதலில் கிழக்கே போனோம். ராணிப்பேட்டையில் ஸ்கடர் மருத்துவமனைக்கு எதிரே டீ குடிக்கும்போது சித்தப்பா தொடங்கிவிட்டார். அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853இல். அவர்களில் சைலஸ் ஸ்கடர் 1866இல் இங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அந்தக் குடும்பத்துப் பேத்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உண்டாக்கியவர் என்பது ஊரறிந்த கதை. சித்தப்பாவுக்குப் பிடித்தது ஐடாவின் காரின் கதை. 1909 வாக்கில் ஐடா அம்மா ஒரு பெஜோ காரில் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுப்பாராம். மாடு பூட்டாமல் ஓடுகிற வண்டியைப் பார்த்துப் பேய் என்று ஜனங்கள் ஓடினார்களாம். பின்னால் அந்த வண்டியை எதிர்பார்த்தே சாலையோரம் காத்துக் கிடந்தார்களாம்.

ஆரணி வழியாகச் சேத்துப்பட்டு. நாங்கள் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, அது கத்தோலிக்கக் கோயில். ஆனால் வட ஆற்காட்டில் கோயில் பார்க்கக் கிளம்பிவிட்டு, தாராஸ் சுவாமி என்ற பிரெஞ்சுக் குரு எழுப்பிய லூர்து மாதா கோயிலை விட்டுவிட்டு வருவது நியாயமில்லை. அந்தச் சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்று தோன்றும். உள்ளே போனதும் அந்தக் கேள்வி போய்விடுகிறது. வெயிலுக்கு நன்றாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்.

அடுத்தது மேற்கே, ஆம்பூர். லெந்து நாளில் மத்தியானம் ஆம்பூர் பஜாரை வண்டியில் கடப்பதைவிடக் கடினமான தவம் இந்தப் பக்கத்தில் கிடையாது. இரண்டு பக்கமும் பிரியாணி அண்டா திறக்கிற வாசனை. சித்தப்பா கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டார், தூசிக்காம். சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான லுத்தரன் சபைக்கு இது பழைய ஊர். அமெரிக்காவிலிருந்து வந்த மிசோரி மிஷன்காரர்கள் 1921இல் தொடங்கிய பெதஸ்தா மருத்துவமனை இங்கேதான். 1947இல் பல சபைகள் ஒன்றாகி எங்கள் தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இவர்கள் சேரவில்லை. அதைப் பற்றி அங்கிருந்த போதகரிடம் கேட்டேன். "அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம் தம்பி. எனக்கு ஷூ கம்பெனியில ஞாயித்துக்கிழமை ஓவர்டைம் போடாம இருந்தா போதும்" என்றார்.

பேர்ணாம்பட்டு வழியாகக் குடியாத்தம் பக்கம் திரும்பினோம். மாலை நான்கு மணிக்கு ஒரு பார்சனேஜ் (ஆயர் வீடு) வாசலில் நின்றபோது ஆயர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். "தோத்திரம் ஐயா. வாங்க, ஆனா உட்கார நேரமில்ல. கூட வர்றீங்களா?"

அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கவாட்டுப் பெட்டியில் திருவிருந்துச் சாமான்: விரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள் துணி சுற்றி அடுக்கியிருந்தன, ஒரு சின்ன டப்பாவில் அப்பம், மூடி இறுக்கிய பாட்டிலில் திராட்சை ரசம். அங்கியை மடித்து ஜவுளிக்கடைப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டினார். "சாலைப் புழுதியில வெள்ளை அங்கி வெள்ளையா போய்ச் சேர்றதே ஒரு அற்புதம்" என்று சிரித்தார் ஆயரம்மா. ஆயர் பொறுப்பில் டவுன் கோயிலோடு சுற்றிலும் பல கிராமக் கோயில்கள். எல்லா ஊரிலும் எல்லா ஞாயிறும் ஆயர் இருக்க முடியாது. உபதேசியாரும் மூப்பர்களும் ஆராதனை நடத்துகிறார்கள். திருவிருந்துக்கு ஆயர்தான் வேண்டும். அதனால் முறை வைத்து, வாரநாளிலும் இப்படி ஓட்டம். கோயில்களைப் பார்க்கப் புறப்பட்ட எனக்கு, அதுவரை கட்டடங்களில் போன கண் அதற்குப் பிறகு இந்த வண்டியை விட்டு நகரவில்லை.

கரும்புக் காட்டுக்கு நடுவே மண் ரோடு. கோயிலுக்கு மேலே தகர ஷீட், வேப்ப மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. வண்டிச் சத்தம் கேட்டதுமே ஒரு பையன் ஓடிப்போய் அதை அடித்தான். "ஐயரு வந்துட்டாரு!" நூறு நாள் வேலை முடித்த பெண்கள் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். என்னிடம் ஒரு பாட்டி, "இன்னா நைனா, எந்தூரு நீங்க? அந்தப் பாய்ல குந்துங்க" என்றார். பீடத்தில் ஊதா நிறத் துணி, ஓரத்தில் தையல் பிரிந்திருந்தது. ஆயர் அங்கியை மாட்டிக்கொண்டு நின்றபோது, அரை மணி முன்பு பள்ளத்தில் வண்டியைத் தள்ளிய ஆளா இவர் என்றிருந்தது. கீர்த்தனையைப் பாட்டி எடுத்துக் கொடுத்தார். கூட்டம் அரைத் தாளம் முந்திக்கொண்டு பாடியது. நகரத்துக் கோயில்களில் கீபோர்டும் ஸ்பீக்கரும் வைத்துப் பாடுவதைவிட இது எனக்கு நன்றாக இருந்தது. சித்தப்பா முழங்காலில் நின்று அப்பம் வாங்கினார். முட்டி வலி என்று வீட்டில் தரையில் உட்கார மாட்டார்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கை ஏலம். ஒரு கட்டு முருங்கைக்காய், அரைப்படி வேர்க்கடலை, கூடையில் பத்து நாட்டுக்கோழி முட்டை. செயலாளர் "ஒரு தரம்" என்று ஆரம்பிக்க, சித்தப்பா கையைத் தூக்கிவிட்டார். எதிர்த்துக் கேட்டவர் அந்தப் பாட்டி. ஏற்றிக்கொண்டே போய்ச் சித்தப்பா இருநூறு ரூபாய்க்கு எடுத்தபோது கூட்டம் கைதட்டியது. "லெந்து முடியிற வரைக்கும் தொட மாட்டீங்களே, எதுக்குச் சித்தப்பா?" என்றேன். பதில் இல்லை.

ஆயர் அதற்குள் அங்கியை மடித்துப் பையில் போட்டிருந்தார்; அடுத்த ஊரில் வீட்டு ஜெபம். கிளம்பும்போது எங்கள் கூடையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். "முட்டைய சைடுல மாட்டாதீங்க ஐயா, இந்த ரோட்டுல ஒண்ணும் மிஞ்சாது. மடியில வெச்சுக்குங்க. நான் எத்தனை தடவை ஆம்லெட்டோட வீட்டுக்குப் போயிருக்கேன், அம்மாவைக் கேட்டுப் பாருங்க."