தலையை யாரிடம் கொடுப்பது

ஜனவரி 5

முடிவு எடுத்தாயிற்று, முடி நட்டுக்கொள்ளப் போகிறேன். 34 வயதாகிறது. ஆறேழு வருடமாகவே நெற்றி ஏறிக்கொண்டுதான் இருந்தது, இப்போது இரண்டு பக்கமும் உள்வாங்கி நடுவில் மட்டும் ஒரு கொத்து, போகவா இருக்கவா என்று நிற்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கண்ணாடியில் தினமும் பார்த்துப் பழகிவிட்டது. நேற்று யாரோ மாடியிலிருந்து எடுத்த குழுப்படம் வந்தது. அதில் உச்சி மின்னுகிற ஒரு தலை. யார் இது என்று பெரிதாக்கிப் பார்த்தால், சட்டையை வைத்துத்தான் நான் என்றே தெரிந்தது.

ஜனவரி 6

இரவு இரண்டு மணி வரை முன்-பின் படங்கள் பார்த்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

ஜனவரி 11

இது முடியை உண்டாக்குகிற வேலை இல்லை என்பதே இன்றுதான் மண்டையில் ஏறியது. இருக்கிற முடியை இடம் மாற்றுகிற வேலை, அவ்வளவுதான். 1950களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைச் என்ற தோல் மருத்துவர் பின்னந்தலையிலிருந்து துண்டுகள் எடுத்து வழுக்கையில் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த முடி வழுக்கைக்குப் போன பிறகும் பின்னந்தலையின் குணத்தோடேயே வளர்ந்தது, கொட்டவில்லை. 1959ல் அதை எழுதி வெளியிட்டார். இன்றுவரை இந்தத் தொழிலே அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் அவர் காலத்துத் துண்டுகள் பெரியவை, நட்ட இடம் பொம்மைத் தலை மாதிரி கொத்துக் கொத்தாகத் தெரியும். இப்போது மயிர்க்கால்கள் இயற்கையாக எப்படிக் கூட்டமாக முளைக்கின்றனவோ அப்படியே, ஒன்று முதல் நான்கு முடி உள்ள சின்னச் சின்ன கிராஃப்ட்டாக எடுக்கிறார்கள். பட்டையாகத் தோலை வெட்டி எடுத்துப் பிரித்தால் எஃப்.யு.டி., ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தால் எஃப்.யு.இ. முன்னதில் ஒரு கோடு மாதிரி தழும்பு, பின்னதில் புள்ளிப் புள்ளியாகத் தழும்பு. தழும்பே இல்லை என்று விளம்பரத்தில் போடுவது பொய்.

ஜனவரி 18

முதல் இடம். பளபளவென்று இருந்தது. ஆலோசகர் என்று ஒரு பையன் வந்தான், மருத்துவர் இல்லை, நன்றாகப் பேசினான். உட்காரவைத்து மார்க்கரால் நெற்றியில் ஒரு கோடு போட்டுக் கண்ணாடியைக் காட்டினான். பதினெட்டு வயதில் இருந்த அதே நெற்றி! உண்மையைச் சொல்கிறேன், அழுகை வராத குறை. “4000 கிராஃப்ட் சார், ஒரே நாள், முன்னாடியும் உச்சியும் சேர்த்து முடித்துவிடலாம்” என்றான். இன்றே முன்பணம் கட்டினால் சலுகையாம். நான் விடாமல் கேட்டதால் டாக்டர் வந்தார், இரண்டு நிமிடம் இருந்திருப்பார். என் பின்னந்தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கிருந்து எடுக்கப் போகிறார்களோ அந்த இடத்தையே பார்க்காமல் 4000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

முன்பணம் கட்டவில்லை. கட்டியிருப்பேன், கார்டு வீட்டில் இருந்தது.

ஜனவரி 20

நண்பனின் அண்ணன் நான்கு வருடத்துக்கு முன் செய்துகொண்டவர். முன்னால் பார்த்தால் குறை சொல்ல முடியாது. படம் அனுப்புங்கள் அண்ணா என்று கேட்டதற்கு, “படத்தில் தெரியாதுடா தம்பி, நேரில் வா” என்றார். போனேன். திரும்பி உட்கார்ந்து, நீளமாக விட்டிருந்த பின்முடியைக் கையால் தூக்கிக் காட்டினார். பூச்சி அரித்த துணி மாதிரி இருந்தது. ஒரே நாளில் அளவுக்கு மேல் உருவியிருக்கிறார்கள், அதுவும் ஒரே பக்கத்தில் நெருக்கமாக. இனி அவரால் பின்னால் குட்டையாக வெட்டிக்கொள்ள முடியாது. இன்னும் மோசம், இரண்டு வருடத்தில் உச்சியில் அவருடைய சொந்த முடி மேலும் கொட்டிவிட்டது. நட்டது நிற்கிறது, அதைச் சுற்றி மொட்டை. அதை மூடலாம் என்றால் பின்னால் எடுக்க எதுவும் மிச்சமில்லை.

“செய்யும்போது எத்தனை நடுவார்கள் என்றுதான் கேட்டேன், எத்தனை மிச்சம் வைப்பார்கள் என்று கேட்கவில்லை” என்றார். வீடு வரும்வரை இதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 21

காகிதத்தில் கணக்குப் போட்டேன். வழுக்கை விழாத தலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 மயிர்க்கால் கூட்டம் இருக்கும், அதில் பாதி அளவு நட்டாலே பார்ப்பவர் கண்ணுக்கு முடியாகத் தெரியும். சரி, 40 என்று வைத்துக்கொள்வோம். எனக்கு முன்பக்கம் மட்டும் சுமார் 50 சதுர சென்டிமீட்டர் என்றால் 2000 கிராஃப்ட். ஆனால் நாளை முழுசாகக் கொட்டிப்போனால்? நார்வுட் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது, 1 முதல் 7 வரை, 6 என்றால் முன்பக்கமும் உச்சியும் சேர்ந்து ஒரே வெளி. 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 8000 வேண்டும். ஒரு சராசரித் தலையில் வாழ்நாள் முழுவதும் சேர்த்து, பின்னால் அசிங்கமாகாமல் எடுக்கக்கூடியது சுமாராக 6000 என்கிறார்கள், அதுவும் அடர்த்தி நன்றாக இருந்தால். எப்படிப் போட்டாலும் துண்டு விழுகிறது. இந்த லட்சணத்தில் அந்தப் பையன் முதல் நாளே 4000த்தை எடுத்துச் செலவழிக்கப் பார்த்தான்.

பிப்ரவரி 2

இரண்டாவது. காணொளி அழைப்பில் டாக்டரே பேசினார், நிதானமான மனிதர், காட்டிய படங்களும் நன்றாக இருந்தன. கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். கடைசியில், துளை யார் போடுவார்கள் என்று கேட்டேன். “எங்கள் டீம் அனுபவமுள்ள டீம்” என்றார். நீங்களா சார் என்றேன். மேற்பார்வை நான்தான் என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்றேன். நான்கைந்து பேர் வரை பார்ப்போம் என்றார். நான்கைந்து தலையை ஒரே சமயத்தில் ஒருவர் எப்படி மேற்பார்வை பார்ப்பார்? அறைக்கு அறை நடந்துகொண்டா?

பிப்ரவரி 3

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று நண்பன் கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்த அறுவை சிகிச்சையில் மூன்று வேலை இருக்கிறது: எடுப்பது, தலையில் துளை அல்லது கீறல் போடுவது, அதில் செருகுவது. செருகுவதை டெக்னீஷியன்கள் செய்வது பல நல்ல இடங்களிலும் உண்டு, அதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கீறல் எந்தச் சாய்வில், எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் விழுகிறதோ அப்படித்தான் ஆயுசுக்கும் முடி வளரும். நெற்றியில் முடி முன்னோக்கிச் சாய்ந்து வரும், நெற்றிப்பொட்டுப் பக்கம் தோலோடு படுத்தமாதிரி கீழே இறங்கும், உச்சியில் சுழன்று போகும். முதல் வரிசையில் ஒற்றை முடி கிராஃப்ட் மட்டும், அதுவும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டமாதிரி இல்லாமல் கொஞ்சம் கோணல்மாணலாக. இதில் தப்பினால் தொப்பியை ஒட்டவைத்தமாதிரி இருக்கும். எடுப்பதிலும் அப்படித்தான், தோலுக்கு அடியில் மயிர்க்கால் போகிற சாய்வு தெரியாமல் துளைத்தால் குறுக்கே அறுபட்டுவிடும், அந்த முடி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. முடி சீரமைப்பு அறுவை மருத்துவர்களின் சர்வதேச சங்கம் ஒன்று 1993லிருந்து இருக்கிறது, அவர்களே உரிமம் இல்லாதவர்கள் வெட்டுகிற இடங்களைப் பற்றி எச்சரித்து இயக்கம் நடத்துகிறார்கள். அப்புறம் நான் கேட்பதில் என்ன தப்பு?

சஃபையர் பிளேடு, ரோபோ, பேனா, தங்கம், வைரம் என்று தங்கள் முறைக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் ஒப்பிட்டு ஒரு வாரம் வீணாக்கினேன்.

பிப்ரவரி 9

படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன் படத்தில் தலைக்கு மேலே பளீரென்று விளக்கு, ஈரத்தலை, குனிந்த முகம். பின் படத்தில் மங்கிய வெளிச்சம், நீள முடி, பவுடர் தூவினமாதிரி ஒரு அடர்த்தி, சிரிப்பு. இப்படிப் படம் போட்டவர்களையெல்லாம் கழித்துவிட்டேன். ஒரே வெளிச்சம், ஒரே கோணம், சீப்பால் வகிடு பிரித்துக் காட்டுகிற காணொளி, பின்னந்தலையின் படம், அதுவும் ஒரு வருடம் கழித்து எடுத்தது, இவை இருக்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பதினேழு பெயர்கள் இருந்த பட்டியல் மூன்றாகச் சுருங்கியது. பின்னந்தலையைக் காட்டுகிறவர்களே குறைவு.

பிப்ரவரி 16

மூன்றாவது. ஒரு நாளைக்கு ஒரே நோயாளி. வயதான அம்மையார், அதிகம் சிரிக்காதவர். ஆலோசகர் யாரும் இல்லை. முதல் கேள்வியே, “அப்பா, தாய்மாமா எல்லாருக்கும் தலை எப்படி?” என்பதுதான். அப்பாவுக்குப் பாதி, மாமாவுக்கு முழுசாக என்றேன். குறித்துக்கொண்டார். அப்புறம் ஒரு சின்னக் கேமராவை என் பின்னந்தலையில் வைத்து, இடம் மாற்றி இடம் மாற்றித் திரையில் எண்ணினார். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கூட்டம், சராசரிதான். பின்பக்க முடியே மெலிந்துகொண்டு வருகிறதா என்று பார்த்தாராம், சிலருக்கு அப்படி இருக்குமாம், அவர்களுக்கு நடக்கூடாது, நட்டதும் சேர்ந்து போய்விடும். எனக்கு அது இல்லை. ஆனால் உச்சியில் கண்ணுக்குத் தெரியாத மெலிவு நிறைய இருக்கிறது, ஒரே இடத்தில் தடித்த முடியும் பூனை முடியும் கலந்து.

புருவங்களுக்கு நடுவிலிருந்து அளந்து ஏழரை சென்டிமீட்டரில் கோடு போட்டார். முதல் இடத்தில் போட்டதைவிட ஒரு விரல் மேலே. பக்கங்களில் உள்வாங்கினதை முழுசாக மூடவும் இல்லை. முன்பக்கம் மட்டும், 2000க்குள், உச்சியை இப்போது தொட மாட்டேன் என்றார். அதுவும் உடனே இல்லையாம். ஒன்பது மாதம் மருந்து எடுத்து, கொட்டுவது நிற்கிறதா என்று பார்த்த பிறகுதானாம்.

துளை யார் போடுவார்கள் என்றேன். “நான்தான். எடுப்பதும் நான்தான். செருகுவது என்னோடு இருக்கிற இரண்டு பேர்” என்றார். சரியாக வராத கேஸ் ஏதாவது காட்ட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெயரும் முகமும் மறைத்த படம் ஒன்றைக் காட்டினார், இடது பக்கம் முளைப்பு குறைவு. ஏன் என்றதற்கு, தனக்கும் முழுசாகத் தெரியாது என்று சொல்லி, சிலகாலம் கழித்து அந்தப் பக்கத்தைத் திரும்பச் செய்துகொடுத்ததாகச் சொன்னார்.

பிப்ரவரி 17

எனக்குப் பிடிக்கவில்லை அந்தக் கோடு. இவ்வளவு பாடுபட்டு, ஏறின நெற்றியோடேயே இருக்கவா? காலையில் குளியலறைக் கண்ணாடியில் மார்க்கரால் இரண்டு கோடும் போட்டு, முகத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கீழ்க்கோடு இப்போது அழகு, சந்தேகமே இல்லை. மார்க்கர் இன்னும் முழுசாகப் போகவில்லை.

பிப்ரவரி 24

மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று தலையைப் படம் எடுத்தேன். “என் தலையை எதுக்குடா படம் எடுக்கிறே?” என்றார். சும்மா மாமா என்றேன். காதுக்கு மேலே ஒரு வளையம் மட்டும் மிச்சம், அந்த வளையமும் அகலம் குறைவு. இரவு அந்தப் படத்தில் கீழ்க்கோட்டை வரைந்து பார்த்தேன். 60 வயது முகம், பதினெட்டு வயது நெற்றி, பின்னால் பாலைவனம். மேல்கோட்டை வரைந்தேன். மாமா, கொஞ்சம் வழுக்கை விழுந்த, பார்க்க லட்சணமான மனிதராக இருந்தார்.

மார்ச் 3

அம்மையாரிடம் செய்துகொண்ட இரண்டு பேரிடம் பேசினேன், அவர்கள் சம்மதம் வாங்கித்தான் எண் கொடுத்தார். ஒருவர் ஓகோவென்று புகழ்ந்தார், அதனால் பெரிய பயன் இல்லை. இன்னொருவர் சொன்னதுதான் உதவியது: நட்ட முடி முதல் மாதத்திலேயே கொட்டிவிடும், மூன்று நான்கு மாதம் வரை முன்னைவிட மோசமாகத் தெரியும், முழுப் பலன் பார்க்க ஒரு வருடம், அந்த இடைக்காலத்தில் பயந்துபோய் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் டாக்டரே பதில் போட்டாராம்.

மருந்துதான் உறுத்துகிறது. ஃபினாஸ்டெரைடு 1 மில்லிகிராம், தினமும், நிறுத்தினால் பலனும் போய்விடும். அமெரிக்காவில் 1997லேயே ஆண்கள் வழுக்கைக்கு அனுமதித்த மருந்துதான், ஆனாலும் சிலருக்குத் தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைவது, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் சொல்கிறார்கள். மனைவியிடம் பேசினேன். “உனக்குச் சரிப்படலைன்னா நிறுத்திடு, டாக்டர்கிட்ட சொல்லு, என்கிட்ட மறைக்காதே” என்றாள். மருந்தே வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள் என்று டாக்டரைக் கேட்டதற்கு, அப்போது இன்னும் குறைவாக நடுவேன் என்றார்.

மார்ச் 15

அவரிடமே கொடுக்கிறேன். டிசம்பரில் தேதி. ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன், வந்தது. எடுப்பது, கீறுவது, செருகுவது என்று தனித்தனியாக, எதிரே பெயர்களோடு. முதல் இடத்துப் பையனிடமிருந்து இன்றும் ஒரு செய்தி, கடைசி ஒரே ஒரு இடம் காலியாம், இதோடு ஐந்தாவது கடைசி இடம்.

மார்ச் 31

மருந்து ஆரம்பித்துப் பதினான்கு நாள். ஒன்றும் தெரியவில்லை, தெரியவும் தெரியாதாம் இவ்வளவு சீக்கிரம். நாளை முதல் தேதி, அவர் சொன்னபடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தலையை நனைத்து, ஐந்து கோணத்தில் படம் எடுக்க வேண்டும். உச்சியை மனைவி எடுத்துத் தருவாள்.